மார்க்கமும் அரசும்: சீர்திருத்தத்தின் வாசல் எங்கே இருக்கிறது?

 

 

ஒரு ஜும்ஆத் தொழுகையின் பின்னர், உயர்தர வகுப்பில் கற்கும் மாணவர் ஒருவர் தனது தந்தையுடன் என்னிடம் வந்தார். "ஹஸரத், ஓர் இஸ்லாமிய அரசில் ஒரு சட்டம் அநியாயமாக இருந்தால் அதைத் திருத்தலாமா? திருத்தச் சொன்னால் மார்க்கத்தைத் திருத்தச் சொன்னதாகிவிடுமா? அப்படியானால் மதச்சார்பற்ற அரசுதானே நல்லது?" என்று கேட்டார். தந்தையின் முகம் சிவந்தது. "மகன், இதெல்லாம் பள்ளியில் கேட்கிற கேள்வியா?" என்று அதட்டினார். நானும் அன்று அவசரத்தில் இருந்தேன். "மதச்சார்பின்மை வழிகெட்ட கொள்கை, அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்று ஒரே வசனத்தில் முடித்துக்கொண்டேன். அந்த மாணவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அன்று இரவு அந்த முகம் என்னை உறங்கவிடவில்லை. அவர் மௌனமானது விளக்கம் பெற்றதனால் அல்ல. விளக்கம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டதனால். நாம் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு வேறொருவர் பதில் சொல்வார். கையடக்கத் தொலைபேசியில் இரண்டு வகையினர் அதற்காகக் காத்திருக்கின்றனர். ஒருவர், "உனது மார்க்கமே உனது பின்னடைவுக்குக் காரணம்" என்பார். மற்றவர், "இஸ்லாமிய அரசு என்பது கேள்வி கேட்காமல் கட்டுப்படுவது, கட்டுப்படாதவனை அழிப்பது" என்பார். இந்த இரண்டாமவரின் வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2014 ஜூன் மாதத்தில் ஈராக்கிலும் சிரியாவிலும் ஒரு கூட்டம் தம்மைக் கிலாபத் என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் உலகெங்கிலுமுள்ள 126 உலமாக்களும் அறிஞர்களும் கையொப்பமிட்டு, அது ஷரீஆவுக்கு முரணானது எனப் பகிரங்கக் கடிதம் எழுதினர். ஆயினும் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, அந்தக் கூட்டத்தின் சிந்தனையைச் சுமந்தவர்களால் நமது நாட்டின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நிரபராதிகளின் இரத்தம் ஓடியது.

ஆகவே அந்த மாணவருக்கு நான் பட்ட கடனை இந்தப் பக்கங்களில் செலுத்த முயல்கிறேன். பெற்றோர்களும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து இதனை வாசிக்குமாறு அன்பாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சொல், பல பொருள்கள்

மதச்சார்பின்மையை அரபு மொழியில் 'அல்மானிய்யா' என்பர். இச்சொல்லை எல்லோரும் ஒரே பொருளில் கையாள்வதில்லை. இக்குழப்பமே பாதிச் சண்டைக்குக் காரணமாகும்.

ஐரோப்பாவில் திருச்சபை நீண்ட காலம் நிலத்தையும் வரியையும் நீதிமன்றத்தையும் தன் கையில் வைத்திருந்தது. கொள்கையில் மாறுபட்டவர்கள் விசாரிக்கப்பட்டனர், தண்டிக்கப்பட்டனர். அந்த அனுபவத்திலிருந்தே அரசையும் சபையையும் பிரிக்கும் எண்ணம் அங்கு வலுப்பெற்றது. எனினும் பிரித்த விதம் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. அமெரிக்கா 1791இல் தனது அரசியலமைப்புக்குக் கொண்டுவந்த முதலாவது திருத்தத்தின் மூலம், அரசு எந்த மதத்தையும் நிறுவலாகாது, எவரது மதச் சுதந்திரத்தையும் தடுக்கலாகாது என்று தன் கைகளைத் தானே கட்டிக்கொண்டது. பிரான்ஸ் 1905இல் அரசையும் சபையையும் பிரித்தது. ஆனால் 2004இல் அரச பாடசாலைகளில் முஸ்லிம் மாணவிகள் தலையை மறைப்பது உட்பட, மாணவர்கள் மத அடையாளங்களை வெளிப்படையாக அணிவதைத் தடுக்கும் சட்டத்தையும் இயற்றியது.

துருக்கியைப் பாருங்கள். 1924 மார்ச் 3ஆம் திகதி அங்கு கிலாபத் ஒழிக்கப்பட்டது. 1926இல் சுவிட்சர்லாந்தின் குடியியல் சட்டத்தைத் தழுவிய சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் அந்த அரசு மார்க்கத்தை விட்டு விலகி நிற்கவில்லை. கிலாபத் ஒழிக்கப்பட்ட அதே ஆண்டிலேயே பள்ளிவாசல்களையும் இமாம்களையும் நிர்வகிக்கும் ஒரு திணைக்களத்தை நிறுவியது. 1932 முதல் 1950 வரை, பாங்கை அரபியில் சொல்லாது துருக்கி மொழியிலேயே சொல்லவேண்டும் என்று பணித்தது. மார்க்கத்தில் தலையிடமாட்டேன் என்று சொல்லவேண்டிய அரசு, முஅத்தின் எந்த மொழியில் பாங்கு சொல்லவேண்டும் என்று கட்டளையிட்டது!

ஆகவே, "மதச்சார்பின்மை நல்லதா, கெட்டதா?" என்று எவரேனும் கேட்டால், "எந்த மதச்சார்பின்மையைச் சொல்கிறீர்கள்?" என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். மனிதனின் வாழ்வில் அல்லாஹ்வுக்கு எந்த இடமும் இல்லை என்ற தத்துவத்தை ஒரு முஃமின் ஏற்கமாட்டான். ஆனால் அரசு எல்லா மதத்தவரையும் நீதியோடு நடத்தவேண்டும், எவரது நம்பிக்கையிலும் பலவந்தம் செய்யக்கூடாது என்பது வேறு விடயம். நமது நாட்டின் அரசியலமைப்பு 9ஆம் உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்குகிறது. அதேவேளை 10ஆம் உறுப்புரையிலும் 14ஆம் உறுப்புரையிலும் உள்ள உத்தரவாதங்களையே நாம் நமது தொழுகைக்கும் மத்ரஸாவுக்கும் ஆடைக்கும் கேடயமாக உயர்த்திப் பிடிக்கிறோம். சிறுபான்மையாக வாழுமிடத்தில் நாம் கோரும் நீதியை, நாம் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் மற்றவர்களுக்கு மறுப்பது எந்தத் தராசு? நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்தின் பின்னர் ஏற்படுத்திய மதீனா சாசனத்தில், யூதர்களுக்கு அவர்களது மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்களது மார்க்கம் என்ற ஏற்பாடு இடம்பெற்றிருந்ததை நினைவிற் கொள்வோம்.

ஆட்சியாளரின் கையும் இமாம்களின் முதுகும்

இஸ்லாம் பள்ளிவாசலுக்குள் மட்டும் அடங்கிய மார்க்கமன்று. நீதி, ஸகாத், வியாபாரம், குடும்பம், ஆட்சி ஆகிய அனைத்துக்கும் அது வழிகாட்டுகிறது. இதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆட்சிக்கு மார்க்கம் வழிகாட்டுவது ஒன்று. மார்க்கத்தை ஆட்சியாளர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது முற்றிலும் வேறொன்று. இந்த வேறுபாட்டை நமது இமாம்கள் நன்கு அறிந்திருந்தனர்; அதற்காக விலையும் கொடுத்தனர்.

இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்கள் ஆட்சியாளர் அளித்த காதிப் பதவியை ஏற்க மறுத்தார்கள். அதற்காகச் சிறை சென்றார்கள். ஹிஜ்ரி 150இல் வபாத்தானார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் அப்பாஸிய கலீபா, 'முவத்தா' நூலையே சாம்ராஜ்யம் முழுவதற்குமான ஒரே சட்டமாக்க விரும்புவதாகக் கூறியபோது அன்னார் சம்மதிக்கவில்லை. ஸஹாபாக்கள் பல ஊர்களுக்கும் பரவிச் சென்றுவிட்டனர், ஒவ்வோர் ஊராரிடமும் ஓர் அறிவு சென்றடைந்திருக்கிறது, அவர்களை ஒரே கருத்தில் பலவந்தப்படுத்துவது தகாது என்பதே அன்னாரின் நிலைப்பாடு. தனது நூலே நாட்டின் சட்டமாகும் பெருமையை ஒரு மனிதர் வேண்டாம் என்று சொன்னார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஹிஜ்ரி 218இல், அதாவது கி.பி. 833இல், கலீபா மஃமூன் குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை அரச கொள்கையாக்கி, உலமாக்களை விசாரணைக்கு உட்படுத்தினார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இணங்கவில்லை. மஃமூனின் பின் வந்த முஃதஸிமின் காலத்தில் அன்னாரின் முதுகில் கசையடிகள் விழுந்தன. அடித்தது காபிர்களின் அரசன்று. தன்னை மார்க்கத்தின் பாதுகாவலனாகக் கருதிய அரசே அடித்தது. அதன் பின்னர், அகீதாவைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஆட்சியாளருக்குரியதன்று என்பது நமது உம்மத்தின் அனுபவமாயிற்று.

பாக்தாதின் கசையையும் துருக்கியின் பாங்குக் கட்டளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் அரசு மார்க்கத்தின் பெயராலும் மற்றையது மதச்சார்பின்மையின் பெயராலும் செயற்பட்டன. இரண்டிலும் அரசின் கை மனிதனின் உள்ளத்துக்குள் நுழைந்தது.

ஷரீஆ, பிக்ஹ், சட்டம்

இனி அந்த மாணவரின் பிரதான கேள்விக்கு வருவோம். இஸ்லாமிய அரசின் சட்டத்தைத் திருத்துவது மார்க்கத்தைத் திருத்துவதாகுமா? இதற்குப் பதில் காண மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது ஷரீஆ. அது அல்லாஹ்வும் அவனது தூதரும் காட்டிய வழி. அதில் ஐயத்துக்கிடமின்றி நிலைபெற்றவை மாறமாட்டா. இரண்டாவது பிக்ஹ். அது அந்த வழியை விளங்கிக்கொள்ள உலமாக்கள் எடுத்த முயற்சி. முயற்சி மனிதருடையது; எனவே அதில் கருத்து வேறுபாடு உண்டு, மாற்றமும் உண்டு. மூன்றாவது, அரசு இயற்றும் சட்டம். அது பிக்ஹின் பல கருத்துக்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, இலக்கமிட்டு, தண்டனையும் சேர்த்து எழுதப்பட்ட ஏற்பாடு.

பிக்ஹ் மாறுவதற்கு நமது வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் பின்பற்றும் மத்ஹபின் இமாமான ஷாபிஈ (ரஹ்) அவர்கள், ஈராக்கில் வாழ்ந்தபோது கூறிய பல தீர்ப்புக்களை எகிப்துக்குச் சென்ற பின்னர் மாற்றினார்கள். முன்னையதைக் 'கதீம்' என்றும் பின்னையதை 'ஜதீத்' என்றும் நமது கிதாபுகள் இன்றும் குறிப்பிடுகின்றன. ஹிஜ்ரி 204இல் எகிப்திலேயே வபாத்தான அன்னார், தனது கருத்தை மாற்றியதால் மார்க்கத்தை மாற்றியதாக எவரும் கூறவில்லை. அதற்கும் முன்னர் உமர் (ரழி) அவர்கள் பஞ்ச ஆண்டில் திருட்டுக்கான தண்டனையை நிறைவேற்றாது நிறுத்தினார்கள். பசித்தவனிடம் சட்டத்தின் நிபந்தனைகள் பூர்த்தியாகவில்லை என்று கண்டார்கள். ஈராக்கின் நிலங்களைப் படைவீரரிடையே பங்கிடாது, பின்வரும் தலைமுறையினரின் நலனுக்காக நிறுத்திவைத்தார்கள். கிரனடாவைச் சேர்ந்த இமாம் ஷாதிபீ (ரஹ்) அவர்கள், ஷரீஆவின் நோக்கங்களைத் தமது 'அல்முவாபகாத்' நூலில் விரித்துரைத்தார்கள். மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், செல்வம் ஆகிய ஐந்தையும் காப்பதே அந்நோக்கங்களின் அடிப்படை.

சட்டமாக எழுதும் வழக்கமோ மிகவும் பிந்தியது. உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா', 1851 பிரிவுகளில் ஹனபி பிக்ஹின் கொடுக்கல் வாங்கல் சட்டங்களை இலக்கமிட்டது. அன்றிலிருந்து பிக்ஹ் அரசின் ஏட்டில் ஏறியது. ஏட்டில் ஏறியவுடன் மக்கள் அதனை ஷரீஆவே என்று எண்ணத் தொடங்கினர். நமது இக்கால மயக்கம் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கிறது.

மொரோக்கோ திறந்த வாசல்

இனி நிகழ்காலத்திலிருந்து ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். மொரோக்கோவின் அரசியலமைப்பு, அந்நாட்டை இறைமையுள்ள முஸ்லிம் நாடு என்று வர்ணிக்கிறது. அதன் மன்னருக்கு 'அமீருல் முஃமினீன்' என்ற பட்டமும் உண்டு. மத்ஹப் மாலிகி. அந்நாட்டின் குடும்பச் சட்டமாகிய 'முதவ்வனா' 1957, 1958ஆம் ஆண்டுகளில் தொகுக்கப்பட்டது. அதில் பெண்ணின் திருமண வயது 15. அவளுக்கு வயது எத்தனையாயினும் வலீ இன்றி நிகாஹ் இல்லை. கணவனுக்குக் கீழ்ப்படிதல் மனைவியின் கடமையாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1993இல் சிறிய திருத்தம் மட்டுமே நடைபெற்றது.

1999இல் அரசாங்கம் பெண்களின் நிலையை உயர்த்துவதற்கான ஒரு திட்டத்தை முன்வைத்தது. நாடு இரண்டாகப் பிளந்தது. 2000 மார்ச் 12ஆம் திகதி, ஒரே நாளில், ரபாத் நகரில் திட்டத்தை ஆதரித்து ஒரு பேரணியும் கஸபிளாங்காவில் அதனை எதிர்த்து மற்றொரு பெரும் பேரணியும் நடந்தன. எதிர்த்தவர்களிலும் பெண்கள் திரளாக இருந்தனர். "இது மேற்கத்தேயத்தின் திணிப்பு" என்றனர் ஒரு சாரார். "இது பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதி" என்றனர் மறு சாரார். இரு சாராரும் ஒருவரையொருவர் செவிமடுக்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது.

2001இல் மன்னர் ஓர் ஆலோசனைக் குழுவை நியமித்தார். அதில் உலமாக்களும் நீதிபதிகளும் மூன்று பெண்களும் இடம்பெற்றனர். பல்வேறு அமைப்புக்களையும் அழைத்து அவர்கள் செவிமடுத்தனர். 2003 ஒக்டோபர் 10ஆம் திகதி பாராளுமன்றத்தில் மன்னர் ஆற்றிய உரையில், அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்கவோ ஹராமாக்கியதை ஹலாலாக்கவோ தன்னால் முடியாது என்ற எல்லையை முதலில் வகுத்துக்கொண்டார். பின்னரே மாற்றங்களை அறிவித்தார். 2004 ஜனவரியில் பாராளுமன்றம் ஏகமனதாக ஏற்றது. முன்னர் எதிர்த்துப் பேரணி நடத்திய இஸ்லாமியக் கட்சியினரும் கைதூக்கினர்.

மாறியவை எவை? திருமண வயது ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 ஆயிற்று. குடும்பம் கணவன், மனைவி இருவரதும் கூட்டுப் பொறுப்பு ஆயிற்று. வயது வந்த பெண், விரும்பினால் வலீயை நியமிக்கலாம் அல்லது தானே நிகாஹ் ஒப்பந்தத்தைச் செய்யலாம் என்றாயிற்று. இது மாலிகி மத்ஹபிலோ நமது ஷாபிஈ மத்ஹபிலோ இல்லாத கருத்து. ஆனால் ஹனபி மத்ஹபில் உள்ளது. அதாவது, பிக்ஹின் பரந்த தோட்டத்திலிருந்தே அவர்கள் பறித்தனர். பலதார மணம் தடைசெய்யப்படவில்லை. ஆனால் நீதிபதியின் அனுமதி, தக்க காரணம், போதிய வசதி, முதல் மனைவிக்கு அறிவித்தல் ஆகிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. தலாக் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குள் வந்தது. வாரிசுரிமையின் பங்குகளில் கைவைக்கப்படவில்லை. 2006இல் பெண்களுக்கு மார்க்கம் போதிக்கும் 'முர்ஷிதாத்' எனப்படும் பெண் வழிகாட்டிகளின் முதல் அணி பயிற்சி முடித்து வெளியேறியது.

அன்புக்குரியவர்களே, இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் பாதி உண்மையையே சொன்னவனாவேன். 18 வயதுக்குக் குறைந்த திருமணத்துக்கு நீதிபதி விதிவிலக்கு அளிக்கலாம் என்ற பிரிவும் அச்சட்டத்தில் இருந்தது. விதிவிலக்கு என எண்ணியது வழக்கமாயிற்று. ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான விண்ணப்பங்கள் குவிந்தன, அவற்றுட் பெரும்பாலானவை அனுமதிக்கப்பட்டன. எழுத்து மாறிய வேகத்தில் கிராமத்தின் வறுமையும் பழக்கமும் மாறவில்லை. இரண்டாவது குறை, அந்த வாசலின் திறவுகோல் ஒரே கையில் இருந்தது. மன்னர் விரும்பியதால் திறந்தது. விரும்பாத விடயத்தில் திறக்காது. மன்னரை விமர்சிக்கும் சுதந்திரமும் அங்கு சட்டத்தால் மட்டுப்படுத்தப்பட்டதே.

எனினும் இருபது ஆண்டுகளின் பின்னர் அதே சட்டத்தை அவர்கள் மீண்டும் மேசைக்கு எடுத்தனர். 2024 டிசெம்பரில் வெளியிடப்பட்ட ஆலோசனைகளில், விதிவிலக்கான திருமண வயதை 17க்குக் குறையாது வரையறுத்தல், இல்லத்தில் பெண் செய்யும் உழைப்பைக் குடும்பச் செல்வத்துக்கான பங்களிப்பாக மதித்தல் ஆகியன அடங்கின. தந்தைவழியை நிறுவ மரபணுப் பரிசோதனையைப் பயன்படுத்துதல், வாரிசுரிமையில் அஸபா முறையை நீக்குதல் ஆகிய கோரிக்கைகளை உலமா உயர் சபை ஏற்கவில்லை. அஸபா விடயத்தில், தந்தை உயிரோடிருக்கும்போதே பெண் மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கும் வழியை அச்சபை சுட்டிக்காட்டியது. ஏற்பதும் மறுப்பதும் மாற்றுவழி காட்டுவதும் அங்கு வாதத்தோடு நடைபெற்றன. சீர்திருத்தம் ஒரு நாளில் முடிவதன்று என்பதற்கு இது சான்று.

ஈரானில் மூடிய வாசல்

இதே திருமண வயது விடயம் வேறொரு நாட்டில் எப்படி நடந்தது என்று பாருங்கள். ஈரான் மக்களில் பெரும்பாலானோர் ஷீஆப் பிரிவினர். நாம் அஹ்லுஸ் ஸுன்னாவைச் சேர்ந்தவர்கள். அகீதா வேறுபாடு இங்கு நமது பேசுபொருளன்று. அரசின் அமைப்பையே நோக்குகிறோம்.

1979இல் புரட்சியின் பின்னர் அங்கு இஸ்லாமியக் குடியரசு அமைந்தது. பாராளுமன்றம் மக்களால் தெரிவு செய்யப்படுகிறது. ஆனால் அது இயற்றும் ஒவ்வொரு சட்டத்தையும் 12 பேர் கொண்ட காவலர் சபை பரிசீலிக்கும் முறை ஏற்படுத்தப்பட்டது. அவர்களுள் ஆறு மார்க்க அறிஞர்களை நியமிப்பவர் உயர் தலைவர். தேர்தலில் யார் போட்டியிடலாம் என்பதைத் தீர்மானிப்பதும் அதே சபை.

1997இல் சீர்திருத்தத்தை விரும்பிய முஹம்மத் காத்தமி ஜனாதிபதியானார். 2000இல் அவரது ஆதரவாளர்கள் பாராளுமன்றத்திலும் பெரும்பான்மை பெற்றனர். அப்பாராளுமன்றம், பெண்ணின் திருமண வயதை 9இலிருந்து 15ஆக உயர்த்த முனைந்தது. காவலர் சபை நிராகரித்தது. 2002இல் வேறொரு சபையின் தலையீட்டில் அது 13இல் வந்து நின்றது. பத்திரிகைச் சட்டத்தைத் திருத்தும் முயற்சி, உயர் தலைவரின் ஒரு கடிதத்தோடு 2000 ஓகஸ்டில் விவாதமின்றியே நின்றது. 2004 தேர்தலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் தகுதியற்றோரென நீக்கப்பட்டனர். பதவியிலிருந்த உறுப்பினர் பலரும் அவர்களுள் அடங்கினர்.

இதில் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய ஒரு நிகழ்வும் உண்டு. 1988 ஜனவரியில் ஆயத்துல்லாஹ் குமைனீ எழுதிய கடிதமொன்றில், அரசின் நலன் கருதி ஹஜ் போன்ற வணக்கங்களையும் தற்காலிகமாக நிறுத்தும் அதிகாரம் இஸ்லாமிய அரசுக்கு உண்டென்று கூறினார். மார்க்கத்தால் அரசைக் கட்டுப்படுத்துவதே நோக்கமாயிருந்தது. இறுதியில் அரசின் தேவை மார்க்கத்தைக் கட்டுப்படுத்தும் நிலைக்கு வந்தது. 2022 செப்டெம்பரில், ஆடை ஒழுங்கின் பேரில் தடுத்துவைக்கப்பட்ட 22 வயது யுவதி மஹ்ஸா அமீனி மரணமானபோது பல்லாயிரம் இளைஞர்கள் வீதிக்கு வந்தனர். ஹிஜாப் ஓர் இபாதத். இபாதத்தின் உயிர் நிய்யத்தில் இருக்கிறது. பொலிஸாரின் தடிக்குப் பயந்து அணியும் துணியில் எந்த நிய்யத் எஞ்சியிருக்கும்? அரசின் கோபம் மார்க்கத்தின் பெயரில் வெளிப்படும்போது, அரசின் மீது மக்களுக்கு எழும் கோபமும் மார்க்கத்தின் மீதே திரும்புகிறது. இதைவிடப் பெரிய நட்டம் ஏது?

இவ்விரண்டுக்கும் அப்பால் துனீசியா ஒரு நடுவழியை எழுத முயன்றது. 2014 ஜனவரியில் இஸ்லாமியக் கட்சியினரும் மதச்சார்பற்றோரும் சேர்ந்து ஏற்ற அரசியலமைப்பு, இஸ்லாம் நாட்டின் மார்க்கம் என்றும், நாடு 'மதனிய்யா' எனும் குடிசார் அரசு என்றும் கூறியது; மனச்சாட்சியின் சுதந்திரத்தைக் காத்தது; ஒருவரை மற்றவர் காபிரெனத் தீர்ப்பளிப்பதையும் தடுத்தது. ஆனால் 2021 ஜூலையில் ஜனாதிபதி பாராளுமன்றத்தை இடைநிறுத்தினார். 2022இல் வேறோர் அரசியலமைப்பு அதன் இடத்தைப் பிடித்தது. நல்ல எழுத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது; அதனைக் காக்கும் மனிதர்களும் வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

எமது வீட்டுக்குரிய படிப்பினை

ஆகவே, இஸ்லாமிய அரசில் சீர்திருத்தம் சாத்தியமா? சாத்தியமே. இமாம்களின் வரலாறும் மொரோக்கோவின் அனுபவமும் அதற்குச் சான்று. ஆனால் அது தானாக நிகழாது. தவறைச் சுட்டிக்காட்டும் நாவும், செவிமடுக்கும் சபையும், பதவியிலிருப்பவரைக் கேள்வி கேட்கும் வழியும் இருக்கும் இடத்திலேயே அது நிகழும். அல்லாஹ் தனது திருமறையில் ஓர் அத்தியாயத்துக்கே 'அஷ்ஷூரா' என்று பெயர் அமையச் செய்து, கலந்தாலோசித்தலை முஃமின்களின் பண்புகளில் ஒன்றாகக் கூறியுள்ளான். ஷூரா என்பது பிறர் பேசுவதற்கு இடம் கொடுப்பதிலிருந்தே தொடங்குகிறது.

இது தூரதேசத்துக் கதை மட்டுமன்று. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி நமது சமூகத்திலும் நீண்ட விவாதம் நடைபெற்றது. 2009இல் நியமிக்கப்பட்ட குழு, 2018 ஜனவரியில்தான் தனது அறிக்கையைக் கையளித்தது. அப்போதும் உறுப்பினர்கள் பல விடயங்களில் இரு அணியாகவே நின்றனர். பாராளுமன்றத்தில் மனிதர் இயற்றிய அச்சட்டத்தைக் குர்ஆன் இறங்கியது போல் ஒரு சாரார் காத்தனர். மறு சாரார் நமது மார்க்கத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். காதி நீதிமன்றத்தின் வாசலில் தாபரிப்புப் பணத்துக்காகக் கைக்குழந்தையோடு காத்திருக்கும் நமது சகோதரி இந்த இரு சாராருக்கும் இடையில் மறக்கப்பட்டாள்.

இளைஞர்களே, யுவதிகளே! ஒரு சீர்திருத்தத்தைப் பற்றிக் கேள்விப்படும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது ஷரீஆவின் நிலையான கட்டளையைத் தொடுகிறதா, அல்லது மாறக்கூடிய பிக்ஹையும் சட்டத்தையும் தொடுகிறதா? இதனால் பலவீனர் ஒருவருக்கு நீதி கிடைக்கிறதா, அல்லது பலவான் ஒருவருக்கு வசதி கிடைக்கிறதா? அறிந்த உலமாக்களும் பாதிக்கப்பட்டவர்களும் ஒரே சபையில் அமர்ந்து பேசினார்களா? இம்மூன்றுக்கும் விடை காணாது ஆதரிக்கவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை அரசு, மார்க்கம், சுதந்திரம் பற்றிக் கேட்டால் அதட்டாதீர்கள். கேள்வி கேட்பவன் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறான். கேட்பதை நிறுத்தியவனைப் பற்றியே அஞ்சுங்கள். விடை தெரியாவிட்டால், "மகன், எனக்குத் தெரியாது, வா, தெரிந்த ஒருவரிடம் சேர்ந்து போவோம்" என்று சொல்லுங்கள். "எனக்குத் தெரியாது" என்று கூற இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் வெட்கப்பட்டதில்லை.

சில வாரங்களுக்குப் பின் அந்த மாணவரின் வீட்டுக்குச் சென்றேன். அன்று அளித்த பதிலுக்காக அவரது தந்தையின் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இஷாத் தொழுகை வரை பேசிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றிலும் அவர் என்னோடு உடன்படவில்லை. ஆயினும் பாங்கு சொன்னதும், மூவரும் ஒன்றாகவே பள்ளிக்கு நடந்தோம்.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளின் கேள்விகளுக்கு நீதியோடும் பொறுமையோடும் விடையளிக்கும் அறிவை எமக்குத் தருவாயாக. எமது ஆட்சியாளர்களுக்கும் எமக்கும் செவிமடுக்கும் உள்ளத்தைத் தருவாயாக. ஆமீன்.